தொலைந்த 48 சாம்பிள்கள்

அப்பா விட்டுப்போனதில் 14 கேசட்டுகள் உண்டு. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் கோவில் கொடை விழாக்களில் பாடிய வில்லுப்பாட்டு. அந்தக் குழுவில் அப்பாவுக்கு உடுக்கை, சித்தப்பாவுக்குக் குடம். யாரோ ஒரு மோனோ டேப் ரெக்கார்டரை மேடை ஓரத்தில் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். நாடா பழசாகிவிட்டது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் உதிர்கிறது. கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று இந்த ஆண்டுதான் உட்கார்ந்தேன்.

கையில் இருந்தவை: பழுது பார்த்து வாங்கிய ஒரு கேசட் டெக், வெளி ஒலியைக் கணினிக்கு எண்ணாக மாற்றித் தரும், இரண்டு உள்ளீடு உள்ள சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். நிரல்களுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் நடுவே ஒலியைக் கைமாற்றும் மென்பொருளாக டெபியன் 12-இல் நோம் மேசைத்தளத்தோடு வருவது பைப்வயர், பதிப்பு 0.3.65. நாடாவைப் படிக்கும் டெக்கின் தலையைத் துடைத்து, அந்தத் தலையின் சாய்வை மாற்றும் அசிமத் திருகைக் காதால் சரிசெய்து, உள்ளீட்டின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்து, முதல் கேசட்டை ஓட்டினேன். உடுக்கை அடி எங்கும் மொட்டையாக வெட்டுப்படவில்லை. நல்ல பதிவு வந்துவிட்டது என்றே நம்பினேன்.

சித்தப்பாவை அழைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் நான்காவது நிமிடத்தில் கையைத் தூக்கினார்.

"இந்த எடத்துல தாளம் இடறுது மக்கா."

"பழைய டேப்பு சித்தப்பா. அப்படித்தான் இருக்கும்."

"டேப்பு இழுக்கும், அது எனக்குத் தெரியாதா? இது இழுக்கல. குதிக்குது. நான் குடத்துல இப்படி இடறினதே கிடையாது."

அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒரு சின்ன "கரகர". அரை நொடிகூட இருக்காது. அதற்குப் பிறகு வரும் குட அடி, வர வேண்டிய நேரத்துக்கு ஒரு இம்மி முன்னால் விழுகிறது. எனக்கு அது பிசிறாகத்தான் கேட்டது. 40 வருடம் தாளம் போட்ட கைக்கு அது குதிப்பாகக் கேட்டிருக்கிறது. அவர் சொன்ன அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். ஒலி குதிக்கிறது என்றால் நடுவில் ஏதோ ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது என்று பொருள்.

முதலில் குற்றவாளி நாடாவா கணினியா என்று பிரிக்க வேண்டும். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. அதே 10 நிமிடத்தை இரண்டு முறை பதிந்து, பிசிறு வரும் இடங்களைத் தாளில் எழுதினேன். இரண்டு பதிவிலும் ஒரே சொல்லில், ஒரே அடியில் வந்தால் அது நாடாவில் இருப்பது. இடம் மாறினால் கணினியில். நாடா எனக்கு அருமையானது என்பதால் மூன்றாம் முறை ஓட்டவில்லை, இரண்டே போதுமானதாக இருந்தது. முதல் பதிவில் 4 "கரகர", 2 மெல்லிய "டிக்". இரண்டாவதில் 3 "கரகர", 1 "டிக்", எல்லாம் வேறு வேறு இடங்களில். இரண்டிலும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: ஒன்பதாவது நிமிடத்தில், பாட்டின் நடுவே, ஒரு கனமான "பட்". அதை நாடாவின் கணக்கில் எழுதி வைத்தேன்.

அந்தத் தாளில் நான் "கரகர", "டிக்" என்று தனித்தனியாக எழுதியிருந்தும், மனதுக்குள் எல்லாவற்றையும் "டிஸ்டார்ஷன்" என்ற ஒரே பெட்டியில்தான் போட்டேன். பின்னால் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது.

அடுத்து வந்த நாட்களில் செய்த வீண் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் ஒலி உடைந்தால் எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம், இன்டெல் எச்டி ஆடியோ டிரைவரின் மின்சேமிப்பை நிறுத்துவது. செய்தேன். அது மதர்போர்டில் உள்ள ஒலிச் சில்லுக்கான அமைப்பு, என் ஒலி வருவதோ யூஎஸ்பி வழியே. அதனால் ஒன்றும் மாறவில்லை. பிறகு பைப்வயரை விட்டுவிட்டுப் பழைய பல்ஸ்ஆடியோவுக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பிசிறு வந்தது. "அதுவும் இப்படித்தான்" என்று திரும்பி வந்துவிட்டேன். அன்று வந்தது "டிக்" மட்டும், "கரகர" ஒன்றுகூட இல்லை என்பதை அந்த நாள் பதிவை ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதுதான் உணர்ந்தேன்.

மூன்றாவதாக ஒரு ஒலியும் இருந்தது. இரவில் மட்டும் வரும் "ர்ர்ர்" என்ற ஓயாத முனகல். அது மின்விசிறி ரெகுலேட்டர். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை நொடிக்கு 100 முறை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு டெக்கிலிருந்து வரும் ஒயரில் ஏறிக்கொள்கிறது. விசிறியை 5-இல் வைத்தால் வெட்டு இல்லை, முனகலும் இல்லை. ஒயரை அந்தச் சுவரிலிருந்து தள்ளி எடுத்துப்போனேன், தீர்ந்தது. கணினிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

நாடாவை இனியும் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். பதிலுக்கு ஒரு தூய சைன் அலை வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் அலையை ஒரு டபிள்யூஏவி கோப்பாக உண்டாக்கி, கைப்பேசியில் ஏற்றி, அதன் ஹெட்போன் துளையிலிருந்து இன்டர்ஃபேஸின் உள்ளீட்டுக்கு ஒயர் கொடுத்தேன். கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு குறுஞ்செய்தி வந்து சோதனையையே கெடுக்கும்.

கணினி ஒலியை நொடிக்கு 48000 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது, அந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். ஒரு மணி நேரப் பதிவு என்றால் 17 கோடியே 28 லட்சம் சாம்பிள்கள். அதைக் காதால் கேட்க முடியாது. கண்ணால் பார்க்கவும் முடியாது. ஆனால் சைன் அலைக்கு ஒரு அழகான குணம் இருக்கிறது: அடுத்தடுத்த மூன்று சாம்பிள்களை எடுத்தால், இரு ஓரத்தில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் நடுவில் உள்ளதன் ஒரு மாறாத மடங்கு. 48000 வீதத்தில் 1000 ஹெர்ட்ஸுக்கு அந்த மடங்கு 1.98289. அலை முழுக்க, மேட்டிலும் பள்ளத்திலும், இந்தக் கணக்கு பொய்ப்பதில்லை. நடுவில் ஒரு சாம்பிள் தொலைந்தாலும் அந்த இடத்தில் கணக்கு உடைந்து எண் துள்ளும். பைத்தானில் பத்து வரி எழுதினேன். முதல் சாம்பிளையும் மூன்றாவதையும் கூட்டு, நடுவில் உள்ளதை 1.98289-ஆல் பெருக்கிக் கழி, மிச்சம் பெரிதாக இருந்தால் நேரத்தை அச்சிடு. அவ்வளவுதான். இது தெரிந்த நாளில் இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பள்ளியில் படித்த முக்கோணவியல் அப்பாவின் கேசட்டுக்கு உதவுகிறதே என்ற மகிழ்ச்சி.

எப்போதும் பதிவதுபோலப் பைப்வயர் வழியே ஒரு மணி நேரம் பதிந்தேன். 31 முறிவுகள். கூட்டம் கூட்டமாக இருந்தன. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் 5, 6 முறிவு, பிறகு பல நிமிடம் ஒன்றுமில்லை. சித்தப்பாவின் "கரகர" இதுதான். ஒவ்வொரு முறிவிலும் அலை எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று அளந்தேன். எங்கே பார்த்தாலும் ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது மூன்றில் இரண்டு பங்கு. வேறு எந்த அளவும் இல்லை. தற்செயலாகத் தொலைந்தால் இப்படி ஒழுங்காகத் தொலையாது. 1000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 48 சாம்பிள். மூன்றில் ஒரு பங்கு 16. அப்படியானால் தொலைந்த துண்டு 16, அல்லது 48-இன் ஏதோ மடங்கோடு 16.

பைப்வயரில் என்ன நடக்கிறது என்று பார்க்க பிடபிள்யூ-டாப் என்ற கட்டளை இருக்கிறது. ஒலி ஓடும்போது ஒரு முனையத்தில் அதைத் திறந்து வைத்துவிடலாம். ஒவ்வொரு நிரலும் கருவியும் ஒரு வரி. அதில் குவாண்டம் என்ற பத்தியும், பிழை என்ற பத்தியும் முக்கியம். ஒலியைப் பைப்வயர் கொத்துக் கொத்தாகக் கைமாற்றுகிறது, ஒரு கொத்தின் அளவே குவாண்டம். இயல்பாக அது 1024 சாம்பிள், அதாவது 21.3 மில்லிநொடி. ஒரு நிரல் தன் கொத்தை அந்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் பிழை எண் ஒன்று ஏறும், அந்தக் கொத்து போனது போனதுதான்.

என் திரையில் குவாண்டம் 1024 இல்லை. 256.

256 என்பது 5 முறை 48, மீதி 16. தாளில் இந்த வகுத்தலைப் போட்டபோது கை நடுங்கியது. ஒரு கொத்து தொலைந்தால் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு கொத்து தொலைந்தால் மூன்றில் இரண்டு பங்கு. அளவு அப்படியே பொருந்துகிறது.

யார் 256 கேட்டது? மகள் கீபோர்ட் பழகுகிறாள். அவளுக்காக ஒரு மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, விசையை அழுத்தியதும் ஒலி வரவேண்டும் என்று அதன் பஃபரை நானே 256 ஆக்கியிருந்தேன். லேப்டாப் தொடங்கும்போதே அது பின்னணியில் எழுந்துவிடும். அதன் ஒலியும் இதே இன்டர்ஃபேஸின் ஹெட்போனுக்குத்தான் போகிறது. பதிவாவதைக் கேட்டுக்கொண்டே இருக்க டெக்கின் உள்ளீட்டையும் நான் அதே ஹெட்போனுக்கு இணைத்திருந்தேன். இப்படி இணைந்துவிட்டால் பைப்வயருக்கு எல்லாம் ஒரே குழு. அந்தக் குழுவில் யார் மிகச் சிறிய கொத்தைக் கேட்கிறாரோ அவர் கேட்டதே எல்லோருக்கும். பதிவு நிரலுக்கு அவசரமே இல்லை. ஆனாலும் அதுவும் 5.3 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓடி வந்து நிற்க வேண்டியதாயிற்று. பழைய லேப்டாப், பிரவுசரில் நாலு பக்கம் திறந்திருக்கும் நேரத்தில் அது தவறிவிடும்.

பைப்வயர் இப்படி நடந்துகொள்வதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். விம் டேமன்ஸ் அதை எழுதத் தொடங்கியது வீடியோவுக்காக. பின்னால் ஒலியையும் சேர்த்தபோது, வீட்டில் பாட்டுக் கேட்பவரின் தேவையையும், இசைக்கருவி வாசிப்பவரின் தேவையையும் ஒரே இடத்தில் தீர்க்கப் பார்த்தார். கேட்பவருக்குப் பல்ஸ்ஆடியோவும் வாசிப்பவருக்கு ஜாக் என்ற மென்பொருளும் தனித்தனியாகச் செய்த வேலை அது. வாசிப்பவரின் அவசரத்துக்கு மதிப்புக் கொடுப்பது சரிதான். பதிகிற அந்த ஒரு மணி நேரத்துக்கு அவசரம் வேண்டாம் என்று சொல்வது என் வேலை.

அதற்கும் வழி இருக்கிறது. பிடபிள்யூ-மெட்டாடேட்டா என்ற கட்டளையால் செட்டிங்ஸ் என்ற பட்டியலில் கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் என்பதை 1024 ஆக்கினால், யார் என்ன கேட்டாலும் கொத்து 1024-தான். வேலை முடிந்ததும் அதையே 0 ஆக்கினால் பழைய நிலை. பைப்வயரை மறுபடி தொடங்கினாலும் அது மறந்துவிடும், எனவே ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் கொடுக்க வேண்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வீட்டுக் கோப்புறைக்குள் பைப்வயரின் அமைப்புக் கோப்பில் குறைந்தபட்சக் குவாண்டத்தை உயர்த்தலாம். மகளின் கீபோர்ட் தாமதிக்கும் என்பதால் நான் அதைச் செய்யவில்லை. பதிவைத் தொடங்கும் சின்ன ஸ்கிரிப்டில் முதல் வரியாக 1024, கடைசி வரியாக 0.

சோதனையைத் திரும்ப ஓட்டினேன். ஒரு மணி நேரம், முறிவு 0. உறுதிக்காகப் பைப்வயரையே ஒதுக்கிவிட்டு, லினக்ஸின் அடிப்படை ஒலி அடுக்கான அல்சாவோடு நேரடியாகப் பேசும் ஏரெக்கார்ட் கட்டளையாலும் ஒரு மணி நேரம் பதிந்தேன். (பைப்வயர் கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒலி அமைப்பில் அந்தக் கருவியின் சுயவிவரத்தை ஆஃப் என்று வைத்தால்தான் ஏரெக்கார்ட் அதைத் தொட முடியும்.) அதிலும் 0. முடிந்தது என்று முதல் கேசட்டை மறுபடி ஓட்டிப் பதிந்து சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"தாளம் சரியாப் போச்சு," என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிடமே, "ஆனா எங்கயோ டிக்குனு ஒரு சத்தம் கேக்கு மக்கா. நகத்தால சுண்டின மாதிரி."

கேட்டது. தெளிவாக.

இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சோதனை அலையில் முறிவு 0. நாடாவில் "டிக்". டெக்கில்தான் கோளாறு என்று திறந்து மோட்டாரின் ஒயரெல்லாம் பார்த்தேன். நாடாவை நேராக டெக்கின் ஹெட்போன் துளையில் கேட்டால் "டிக்" இல்லை. ஆகவே டெக் இல்லை. கணினியும் இல்லை என்கிறது சோதனை. மிச்சம் இருப்பது ஒயர். அதையும் மாற்றினேன். "டிக்" அப்படியே.

சோதனையையே சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றியது அல்சா காட்டிய ஒரு வரியைப் பார்த்தபோது. ப்ராக் கோப்புறைக்குள் அல்சாவுக்கென ஒரு இடம் உண்டு. அதில் யூஎஸ்பி ஒலிக்கருவிக்கு ஸ்ட்ரீம்0 என்று ஒரு கோப்பு. திறந்தால் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் "ஃபுல் ஸ்பீட்" என்று இருந்தது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, யூஎஸ்பியில் ஃபுல் ஸ்பீட் என்றால் நொடிக்கு 12 மெகாபிட், பழைய மெதுவான வகை. ஹை ஸ்பீடுதான் 480. ஃபுல் ஸ்பீட் கருவி ஒலியை மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாக அனுப்பும்.

ஒரு மில்லிநொடி. 48000 வீதத்தில் 48 சாம்பிள். என் சோதனை அலையின் ஒரு முழுச் சுற்றும் 48 சாம்பிள்.

ஒரே மாதிரி மணிகள் கோத்த மாலையில் ஒரு மணியை உருவிவிட்டு இறுக்கிக் கட்டினால் யாருக்குத் தெரியும்? ஒரு பொட்டலம் தொலைந்தால் சரியாக ஒரு சுற்று தொலைகிறது. அடுத்த பொட்டலம் விட்ட இடத்திலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. அலையில் தையல்கூடத் தெரியாது. என் நிரல் "எல்லாம் நலம்" என்று சொன்னது அதனால்தான். வில்லுப்பாட்டு அப்படி ஒரே மாதிரி மணிகளால் ஆனதில்லை, அங்கே தையல் "டிக்" என்று கேட்டுவிடுகிறது.

சோதனைக்கு உருண்டையான எண்ணைத் தேர்ந்தெடுத்தது தவறு. ஒலிக்கருவிகளை அளப்பவர்கள் 1000-க்குப் பதில் 997 ஹெர்ட்ஸ் வைப்பதை எங்கோ படித்தபோது ஏதோ மரபு என்று நினைத்திருந்தேன். சாம்பிள் வீதத்தோடு எளிதில் வகுபடாத பகா எண் என்பதே அதன் சிறப்பு. எனக்கு 997 போதாது, ஒரு மில்லிநொடிக்கு அதுவும் கிட்டத்தட்ட ஒரு சுற்று. 437-ஐ எடுத்தேன். ஒரு மில்லிநொடி தொலைந்தால் அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக அலை தாண்டும், கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். கணக்கில் 1.98289-க்குப் பதில் 1.99673.

ஏரெக்கார்ட், ஒரு மணி நேரம். 11 முறிவுகள். எல்லாவற்றிலும் தாண்டல் ஒரே அளவு: 48 சாம்பிள். அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது சித்தப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவருக்கு யூஎஸ்பி புரியாது. "கெடச்சிட்டா?" என்று கேட்டார். "கெடச்சாச்சு சித்தப்பா, யார்னு மட்டும் பாக்கணும்" என்றேன்.

லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. இது புதிதில்லை. ஒலிக்கு யூஎஸ்பி பயன்படுத்தும் அனுப்புமுறையில் தொலைந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்பது என்பதே கிடையாது. கேட்டு வாங்குவதற்குள் அதன் நேரம் போய்விடும் என்பதால் அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். கோப்பை நகலெடுக்கும்போது கெட்ட ஒயரும் மெதுவாகவாவது சரியாக வேலை செய்யும், ஒலியில் அதே ஒயர் சத்தமில்லாமல் தின்றுவிடும். "பென் டிரைவ் நன்றாக வேலை செய்கிறதே, போர்ட்டில் என்ன கோளாறு?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

11 முறிவுகளின் நேரத்தை எழுதினேன். பதிவின் தொடக்கத்திலிருந்து 3 நிமிடம் சில்லறை, 13 நிமிடம், 23... சில இடங்களில் இரட்டையாக. இதில் என்ன ஒழுங்கு என்று முதலில் தெரியவில்லை. பதிவு தொடங்கிய கடிகார நேரத்தைக் கூட்டியவுடன் தெரிந்துவிட்டது. 8:10, 8:20, 8:30. ஒவ்வொன்றும் பத்தாம் நிமிடம் பிறந்து நாலைந்து நொடிக்குள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் கணினியில் நடப்பது ஒன்றுதான். கேசட் பதிவுகள் போய்விடக் கூடாது என்ற பயத்தில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைப் போட்டு, வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கச் சொல்லியிருந்தேன். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் கேட்டால் எது எதில் தொங்குகிறது என்று காட்டும். ஒரு ஹப், அதன் கீழே 480 என்று ஹார்டு டிஸ்க், பக்கத்தில் 12 என்று இன்டர்ஃபேஸ். லேப்டாப்பில் போர்ட் போதாமல் நாலு துளை ஹப் ஒன்றில் இரண்டையும் செருகியிருந்தேன்.

நகலெடுக்கும் நெரிசலில் ஒலிப் பொட்டலம் தொலைகிறது என்று உடனே நினைத்தேன். ஆனால் யூஎஸ்பியில் ஒலிக்கான இடம் முன்பதிவு செய்யப்பட்டது, கோப்பு நகல் மீந்த இடத்தில்தான் போகும். எனவே நம்புவதற்கு முன் மூன்று சோதனை செய்தேன். க்ரானை நிறுத்தி ஒரு மணி நேரம்: 0. டிஸ்க்குக்கு இடைவிடாமல் பெரிய கோப்புகளை நகலெடுத்தபடி ஒரு மணி நேரம்: தொடக்கத்தில் 1, பிறகு 0. டிஸ்க்கைத் தூங்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரே ஒரு சின்னக் கோப்பைப் படித்து: 9.

நெரிசல் காரணம் இல்லை. தூங்கிய டிஸ்க் எழுந்து சுழலத் தொடங்கும் அந்தக் கணம்தான். என் ஹப்புக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி 2.0 விதிப்படி அப்படிப்பட்ட ஹப் லேப்டாப்பிடமிருந்து 500 மில்லியாம்பியர் வாங்கி, ஒவ்வொரு துளைக்கும் 100 தான் தர வேண்டும். சுழலத் தொடங்கும் டிஸ்க் 500-ஐயே தாண்டி இழுப்பது சாதாரணம். அந்த நேரத்தில் ஹப்பில் மின்னழுத்தம் தாழ்கிறது, பக்கத்துத் துளையில் ஒரு பொட்டலமோ இரண்டோ சிதைகிறது. தெருவில் ஒரு வீட்டில் மோட்டார் போட்டால் அடுத்த வீட்டு டியூப்லைட் ஒரு கணம் மினுக்குவது போல.

மௌஸை ஹப்புக்கு மாற்றிவிட்டு, இன்டர்ஃபேஸை லேப்டாப்பின் சொந்தத் துளையில் செருகினேன். டிஸ்க்கைப் பழையபடி ஹப்பிலேயே விட்டு, க்ரானையும் இயக்கி, இரவு முழுக்க 437 ஹெர்ட்ஸைப் பதிந்தேன். 6 மணி நேரம். காலையில் நிரலை ஓட்டினால் வெற்றுத் திரை. நிரல் செத்துவிட்டதோ என்று பயந்து, பதிவின் ஒரு பிரதியில் என் கையாலேயே 48 சாம்பிளை வெட்டி எடுத்து ஓட்டிப் பார்த்தேன். அந்த ஒரு வரி மட்டும் வந்தது. இந்தச் சோதனையை முதல் நாளே 1000 ஹெர்ட்ஸ் பதிவில் செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் நிரல் அதைக் காணாது என்பது அன்றே தெரிந்திருக்கும்.

பிறகு 14 கேசட்டையும் பதிந்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் முன்பு 5 நிமிடம் 437 ஹெர்ட்ஸ், பின்பு நாடா. இரண்டு கேசட்டில் அழுத்தப் பஞ்சு உதிர்ந்திருந்தது, வேறு கூட்டுக்கு மாற்றினேன். ஒன்றில் கடைசிப் பத்து நிமிடம் நாடாவே ஒட்டிக்கொண்டு வரவில்லை.

முடிந்த அன்று சித்தப்பா வந்து முதல் கேசட்டைத் திரும்பக் கேட்டார். நான்காவது நிமிடம் தாண்டியது, கையைத் தூக்கவில்லை. ஒன்பதாவது நிமிடம் நெருங்கும்போது எனக்குத்தான் உடம்பு இறுகியது. அந்த கனமான "பட்" அங்கேயே இருந்தது, நாடாவின் கணக்கில் நான் எழுதி வைத்திருந்தது. அதையும் மென்பொருளால் எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினார். "எதுக்கு? அது வேட்டுலா. படப்பு போடும்போது போட்ட வேட்டு. உங்கப்பன் திடுக்கிட்டு உடுக்கைய ஒரு அடி விட்டான், கேளு."

திருப்பிப் போட்டேன். "பட்" விழுந்ததும் உடுக்கை ஒரு அடி இல்லை. அடுத்த அடியில் சேர்ந்துகொள்கிறது.